மோட்டார் சைக்கிள் எண்ணெய் மாற்றுதல்

மோட்டார் சைக்கிள் எண்ணெய் மாற்றுதல் என்பது, ஒரு மோட்டார் சைக்கிளின் எஞ்சினில் ஓடித் தேய்ந்த உயவு எண்ணெயை வடித்துவிட்டு, வடிகட்டியைத் துப்புரவு செய்தோ மாற்றியோ, புதிய எண்ணெயை ஊற்றும் பராமரிப்புப் பணியாகும். பேச்சு வழக்கில் இது ஆயில் மாற்றுதல் எனப்படுகிறது. பட்டறையில் கொடுத்துச் செய்வதே பெருவழக்கு. எனினும் ஒரு ஸ்பேனர், ஒரு தட்டு, ஒரு கேன் எண்ணெய் இவற்றைக் கொண்டு வண்டியின் உரிமையாளரே அரை மணி நேரத்தில் செய்யக்கூடிய வேலை இது. தேனி மாவட்டத்திலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் இருசக்கர வண்டி என்பது தோட்டத்திற்கும் சந்தைக்கும் மலைக்கும் சுமை கொண்டு செல்லும் வண்டியாக இருப்பதால், இப்பணி அங்கே கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது.

எண்ணெயின் பணி

எஞ்சினுள் பிஸ்டன், வளையங்கள், கிராங்க் தண்டு, கேம் தண்டு, வால்வுகள் ஆகியவை ஒன்றையொன்று உரசி இயங்குகின்றன. இவற்றுக்கிடையே மெல்லிய படலமாக நின்று உராய்வைக் குறைப்பது எண்ணெயின் முதற்பணி. வெப்பத்தைக் கடத்துதல், கரியையும் உலோகத்துகளையும் தன்னுள் ஏந்தி வடிகட்டிக்குக் கொண்டு சேர்த்தல், துருப்பிடிக்காமல் காத்தல் ஆகியவை பிற பணிகள்.

காரிலிருந்து மோட்டார் சைக்கிள் வேறுபடும் இடம் ஒன்றுண்டு. காரில் எஞ்சினுக்கு ஓர் எண்ணெய், கியர் பெட்டிக்கு வேறோர் எண்ணெய். இன்றைய மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே எண்ணெயில் நனைந்தபடி இயங்குகின்றன. எஞ்சினில் உராய்வு குறைய வேண்டும். கிளட்ச் தட்டுகளிலோ உராய்வு இருந்தே ஆக வேண்டும். கியர்ப் பற்கள் வேறு எண்ணெயின் மூலக்கூறுகளை நசுக்கி, அதன் பிசுக்குமையைக் குறைத்துவிடுகின்றன. சுமார் ஒரு லிட்டர் எண்ணெய்தான் இத்தனை வேலையையும் செய்கிறது. எனவேதான் காரை விடக் குறைந்த தொலைவிலேயே இதை மாற்ற வேண்டியுள்ளது.

கம்பம் பள்ளத்தாக்கின் சூழல்

மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் மேகமலை, வருசநாட்டு மலைகளுக்கும் இடையே முல்லைப் பெரியாற்றின் போக்கில் அமைந்துள்ளது கம்பம் பள்ளத்தாக்கு. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஆகிய ஊர்கள் இதில் வரிசையாக அமைந்துள்ளன. 1996 இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட தேனி மாவட்டத்தில் இப்பகுதி அடங்கும். நெல், வாழை, தென்னை ஆகியவற்றுடன், 2023 இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையும் இங்கு விளைகிறது. ஏலக்காய் மலை மேல் விளைய, அதன் வணிகம் போடிநாயக்கனூரில் நடக்கிறது.

இப்பள்ளத்தாக்கிலிருந்து மலையேறும் சாலைகள் பல. கூடலூரை அடுத்த லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கும், கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கும், போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கும், சின்னமனூரிலிருந்து மேகமலைக்கும் கொண்டை ஊசி வளைவுகளுடன் சாலைகள் ஏறுகின்றன. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்திலுள்ள போடியில் புறப்படும் வண்டி, 1,300 மீட்டருக்கும் மேலுள்ள போடிமெட்டை ஒரே மூச்சில் ஏறுகிறது.

நூறு கன செ.மீ. எஞ்சின் கொண்ட வண்டியில் இருவர் அமர்ந்து, மூட்டையும் வைத்து இவ்வேற்றத்தில் செல்லும்போது முதல், இரண்டாம் கியர்களிலேயே நெடுநேரம் ஓட்ட நேர்கிறது. எஞ்சின் வேகமாகச் சுழல்கிறது. வண்டியோ மெதுவாக நகர்கிறது. இவ்வண்டிகள் காற்றினால் குளிர்விக்கப்படுபவை. ஓட்டம் குறைந்தால் காற்று குறையும். காற்று குறைந்தால் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் பொறுப்பு எண்ணெய் மேல் விழும். இறக்கத்தில் நிலைமை வேறு. கியரில் வைத்து, ஆக்சிலேட்டரை மூடி இறங்குகையில் சிலிண்டருக்குள் ஏற்படும் உறிஞ்சல், தேய்ந்த வளையங்களையும் வால்வுத் தண்டுகளையும் கடந்து எண்ணெயை மேலிழுக்கும். பழைய வண்டிகள் மலையிறங்கியபின் நீலப்புகை விடுவதற்குக் காரணம் இதுவே. அதற்காக நியூட்ரலில் இறக்கலாகாது. பிரேக் சூடேறிப் பிடிமானம் இழப்பது புகையை விடப் பெரிய தீங்கு.

ஆனி, ஆடி மாதங்களில் பள்ளத்தாக்கின் ஊடே வீசும் மேல்காற்று புழுதியைக் கிளப்புகிறது. காற்று வடிகட்டி கிழிந்தோ அடைந்தோ இருந்தால் இப்புழுதி சிலிண்டர் வழியாக எண்ணெயில் கலந்து, அரைக்கும் பொடியாக மாறுகிறது. எண்ணெய் மாற்றும் நாளில் காற்று வடிகட்டியையும் திறந்து பார்ப்பது நன்று.

இருவீச்சும் நான்குவீச்சும்

1980 இல் அறிமுகமான டி.வி.எஸ். 50 மொபெட்டும், 1985 இல் வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100 போன்றவையும் டூ ஸ்ட்ரோக் எனப்படும் இருவீச்சு எஞ்சின் கொண்டவை. இவற்றில் எஞ்சின் எண்ணெயை மாற்றும் பேச்சே இல்லை. பெட்ரோலுடன் கலந்தோ, தனிப் பம்பின் வழியாகவோ செல்லும் 2டி எண்ணெய், தன் வேலையை முடித்துப் புகையாக வெளியேறிவிடும். கியர் பெட்டிக்கு மட்டும் தனி எண்ணெய் உண்டு.

1985 இல் வெளிவந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100, 1994 இல் வெளிவந்த ஸ்பிளெண்டர் ஆகியவற்றின் மூலம் நான்குவீச்சு எஞ்சின் ஊர்ப்புறங்களில் பரவியது. டி.வி.எஸ். மொபெட்டும் 2015 இல் எக்ஸ்.எல். 100 என்ற பெயரில் நான்குவீச்சுக்கு மாறியது. இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உள்ளது. இருபது ஆண்டுகள் பழைய மொபெட் ஓட்டியவருக்கு, எண்ணெய் என்பது பெட்ரோல் டாங்கில் ஊற்றுவது, வடித்து மாற்றுவதன்று. அப்பழக்கத்துடன் புதிய வண்டியை ஓட்டினால் இரு தவறுகள் நேரலாம். ஒன்று, பெட்ரோலில் 2டி எண்ணெய் கலப்பது. இதனால் ஸ்பார்க் பிளக் கரி பிடிக்கும். மற்றது, எஞ்சின் எண்ணெயை மாற்றாமலேயே விட்டுவிடுவது. இதனால் எஞ்சினே போய்விடும்.

வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட பழைய புல்லட் வண்டிகள் தனி இனம். அவற்றில் எஞ்சின், கியர் பெட்டி, கிளட்ச் சங்கிலிப் பெட்டி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண்ணெய். வடிக்கும் திருகுகளும் ஒன்றுக்கு மேற்பட்டவை. இக்கட்டுரையில் கூறப்படும் செய்முறை அவற்றுக்கு அப்படியே பொருந்தாது.

எண்ணெயைத் தேர்ந்தெடுத்தல்

கேனின் மேல் காணப்படும் 10டபிள்யூ-30, 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 போன்ற குறியீடுகள் அமெரிக்க வாகனப் பொறியாளர் கழகமான எஸ்.ஏ.இ. வகுத்த பிசுக்குமைத் தரங்களாகும். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதற்கு முன்னுள்ள எண் குளிரில் எண்ணெய் எவ்வளவு எளிதில் ஓடும் என்பதையும், பின்னுள்ள எண் 100 °செ வெப்பத்தில் அது எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதையும் காட்டும். எண் கூடினால் தரம் கூடும் என்பது தவறான எண்ணம். 10டபிள்யூ-30 எண்ணெய்க்கென வடிவமைத்த எஞ்சினில் 20டபிள்யூ-50 ஊற்றினால், காலையில் கிக்கர் கனக்கும், எண்ணெய் மேல்தலைக்கு ஏறத் தாமதமாகும், பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும். வெயில் அதிகம் என்பதற்காகத் தடித்த எண்ணெய்க்கு மாறுவதும் பொதுவாகத் தேவையற்றது. தயாரிப்பாளர்கள் இந்திய வெப்பத்தைக் கருதியே கையேட்டை எழுதியுள்ளனர்.

பிசுக்குமையை விட முக்கியமானது ஜாசோ தரம். ஜப்பானிய வாகனத் தர அமைப்பு வகுத்த இதில் எம்ஏ, எம்ஏ1, எம்ஏ2 ஆகியவை எண்ணெயில் நனையும் கிளட்ச் உள்ள வண்டிகளுக்கும், எம்பி என்பது எண்ணெயில் கிளட்ச் நனையாத ஸ்கூட்டர்களுக்கும் உரியவை. கார் எண்ணெய்கள் சிலவற்றில் எரிபொருளைச் சேமிக்கும் பொருட்டு உராய்வுக் குறைப்பிகள் சேர்க்கப்படுகின்றன. அவற்றை மோட்டார் சைக்கிளில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். சமதரையில் தெரியாமல் இருந்து, குமுளி ஏற்றத்தில் தெரியும். வீட்டில் டிராக்டருக்கு வாங்கிய டீசல் எஞ்சின் எண்ணெய் மிச்சம் இருக்கிறதே என்று ஊற்றுவோரும் உண்டு. ஜாசோ குறி இல்லாத எண்ணெய் கிளட்சுக்குச் சோதிக்கப்பட்டதன்று என்பதால் அதைத் தவிர்ப்பதே முறை.

பழைய கேன்களில் தரமற்ற எண்ணெயை அடைத்து விற்கும் மோசடி நாடெங்கும் அவ்வப்போது பிடிபடுகிறது. மூடியின் கீழுள்ள முத்திரை உடைபடாமல் உள்ளதா, அச்சடித்த தொகுதி எண்ணும் நாளும் அழிக்கப்படாமல் உள்ளனவா என்று பார்த்து வாங்க வேண்டும். காலியான கேனை அப்படியே எறியாமல் கத்தியால் கிழித்து எறிந்தால் அது மறுபடி கடைக்கு வராது.

எப்போது மாற்றுவது

புதிய வண்டியில் முதல் மாற்றம் 500 முதல் 1,000 கி.மீ. ஓட்டத்திற்குள் செய்யப்படுகிறது. புதிய பாகங்கள் ஒன்றோடொன்று பழகும்போது உதிரும் உலோகத்துகளை வெளியேற்றுவதே இதன் நோக்கம். இதனைத் தள்ளிப்போடலாகாது. பின்னர் 100 முதல் 150 கன செ.மீ. வண்டிகளுக்குப் பொதுவாக 3,000 முதல் 6,000 கி.மீ. வரை இடைவெளி கூறப்படுகிறது. வண்டிக்கு வண்டி இது மாறுபடும் என்பதால் கையேடே முடிவானது. சுமையும் மலையேற்றமும் புழுதியும் மிகுந்த ஓட்டத்தைத் தயாரிப்பாளர்கள் கடும் பயன்பாடு என வகைப்படுத்தி, இடைவெளியைக் குறைக்கச் சொல்கின்றனர். பள்ளத்தாக்கில் ஓடும் வண்டிகளில் பெரும்பங்கு இவ்வகையில் அடங்கும் எனலாம்.

எண்ணெய் கறுத்துவிட்டது என்பதால் மட்டும் அது கெட்டுவிட்டதாகாது. கரியைத் தன்னுள் தாங்கும் சேர்மானம் வேலை செய்கிறது என்பதற்கும் கறுப்பு நிறம் அடையாளம். மாறாக, எண்ணெய் பாலூற்றிய தேநீர் போல் தோன்றினால் நீர் கலந்துள்ளது என்று பொருள். உடனே மாற்ற வேண்டும். மழையில் நனைந்த வண்டியிலும், எஞ்சின் முழுச் சூடேறும் முன்பே நிறுத்தப்படும் குறுந்தொலைவு வண்டியிலும் இது நேரும். மாற்றும் நாள் வரை காத்திராமல் இரு வாரத்திற்கு ஒருமுறை அளவு பார்ப்பது, நாள் தவறாமல் மாற்றுவதை விடவும் எஞ்சினைக் காக்கும். பிஸ்டன் பிடித்துக்கொண்ட வண்டிகள் பலவற்றில் குற்றம் பழைய எண்ணெய் அன்று, குறைந்த எண்ணெயே.

செய்முறை

எஞ்சினை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, இளஞ்சூடானதும் நிறுத்த வேண்டும். சூடான எண்ணெய் இளகி, அழுக்கையும் சேர்த்துக்கொண்டு இறங்கும். போடிமெட்டிலிருந்து இறங்கிவந்த கையோடு திருகைக் கழற்றினால் கை வெந்துவிடும்; அரை மணி நேரமாவது ஆறவிட வேண்டும். வண்டி சமதரையில் நடு ஸ்டாண்டில் நிற்க வேண்டும். பக்க ஸ்டாண்டில் சாய்த்து நிறுத்தினால் ஒரு பங்கு எண்ணெய் உள்ளேயே தங்கும்.

எண்ணெய் ஊற்றும் மூடியைத் தளர்த்தி எடுத்து, அதைச் சுற்றிப் படிந்த மண்ணை முன்பே துடைத்திருக்க வேண்டும். மூடி திறந்திருந்தால் காற்று உட்புகுந்து எண்ணெய் தடையின்றி வடியும். எஞ்சினின் அடிப்பாகத்தில் உள்ள வடிதிருகின் கீழ் அகலமான தட்டை வைக்க வேண்டும். ஐந்து லிட்டர் பழைய கேனின் ஒரு பக்கத்தை வெட்டியெடுத்தால் அதுவே நல்ல தட்டு.

வடிதிருகை, பல வண்டிகளில், 17 ஆம் எண் ஸ்பேனரால் கழற்றலாம். முனை திறந்த ஸ்பேனரை விட வளைய ஸ்பேனர் திருகின் மூலைகளை மழுங்கடிக்காமல் பிடிக்கும். திசையில் தவறுவது இங்குதான். கீழிருந்து நேரே பார்க்கையில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்ப வேண்டும். ஆனால் ஓட்டுநர் வண்டிக்கு மேலே குனிந்தபடி கையை அடியில் விட்டுத் திருப்புவதால், அதே திசை அவருக்குக் கடிகாரத் திசையாகத் தோன்றும். இது புரியாமல், கழற்றுவதாக எண்ணி இறுக்கியே திருகை உடைத்தவர்கள் உண்டு.

எண்ணெய் முதலில் பீச்சியடித்து, பின் நூலாகி, சொட்டாகும். பத்து நிமிடம் காத்திருந்து, சாவியை அணைத்த நிலையிலேயே கிக்கரை மெதுவாக நான்கைந்து முறை மிதித்தால் எஞ்சியதும் இறங்கும். வடிந்த எண்ணெயை வெயிலில் சாய்த்துப் பார்ப்பது பயனுள்ளது. மிக நுண்ணிய பளபளப்பு இயல்பு. கையில் தட்டுப்படும் உலோகச் சிம்புகள் இருந்தால், புது எண்ணெய் ஊற்றி மறைக்காமல் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். காந்தத்தில் ஒட்டினால் அது இரும்பு, பெரும்பாலும் கியரிலிருந்து வந்தது. ஒட்டாவிட்டால் அலுமினியமாக இருக்கலாம்.

திருகின் வாஷர் அலுமினியத்தாலோ செம்பாலோ ஆனது. இறுக்கும்போது நசுங்கி இடைவெளியை அடைப்பதே அதன் வேலை என்பதால், ஒருமுறை நசுங்கியது மறுமுறை நன்றாக அடைக்காது. சில ரூபாய்ப் பொருள். புதிது போடுவதே நலம். திருகைத் திரும்பப் பூட்டும்போது முதல் நான்கைந்து சுற்று விரலால் மட்டுமே திருக வேண்டும். எஞ்சின் கூடு அலுமினியம், திருகு எஃகு. கோணலாக ஏறிய திருகை ஸ்பேனரால் அழுத்தினால் கூட்டின் மறை அழிந்துவிடும். பிறகு லேத் பட்டறையில் பெரிய மறை வெட்டியோ, உட்சுருள் பதித்தோதான் சரிசெய்ய முடியும். அரை மணி வேலை இரண்டு நாள் வேலையாகும் இடம் இதுவே. இறுதி இறுக்கத்திற்குத் தோள் பலம் வேண்டாம். குட்டை ஸ்பேனரில் மணிக்கட்டின் பலம் போதும்.

வடிகட்டி

எண்ணெய் மாற்றும் போதெல்லாம் வடிகட்டியை மாற்ற வேண்டும் என்ற பொது அறிவுரை எல்லா வண்டிக்கும் பொருந்தாது. ஸ்பிளெண்டர் போன்ற 100 கன செ.மீ. வண்டிகளில் கழற்றி எறியும் காகித வடிகட்டியே கிடையாது. அவற்றில் இரு ஏற்பாடுகள் உள்ளன. அடியில் கம்பிவலைச் சல்லடை ஒன்று பெருந்துகளைத் தடுக்கிறது. கிராங்க் தண்டின் முனையில் சுழலும் கிண்ணம் ஒன்று, மோர் கடைந்து வெண்ணெய் திரட்டும் விசைப்பொறியைப் போல, மையவிலக்கு விசையால் நுண்துகளை விளிம்பில் ஒதுக்கிச் சேறாகப் படியவைக்கிறது. இச்சேறு எண்ணெயை வடிப்பதால் வெளியேறாது. வலப்பக்க மூடியைக் கழற்றி, கிண்ணத்தைத் திறந்து, வழித்தெடுத்துப் பெட்ரோலால் கழுவ வேண்டும். மூடியைத் திறந்தால் புது கேஸ்கெட்டும் வேண்டும். ஒவ்வொரு மாற்றத்திலும் இது தேவையில்லை. மூன்று நான்கு மாற்றங்களுக்கு ஒருமுறை செய்வது வழக்கம். முதன்முறை செய்வோர் பழகிய ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளலாம். கடைக்காரர் எதையாவது வடிகட்டி என்று எடுத்துக் கொடுத்தால், தன் வண்டியில் அதற்கு இடம் உண்டா என்று முதலில் கேட்டறிய வேண்டும்.

ராயல் என்ஃபீல்டின் பிந்தைய எஞ்சின்கள் போன்றவற்றில் சிறு மூடியின் பின் காகித வடிகட்டி உள்ளது. கழற்றும்போது அது எந்தப் பக்கம் பார்த்திருந்தது, சுருள்வில்லும் ரப்பர் வளையங்களும் எவ்வரிசையில் இருந்தன என்பதை நினைவில் வைக்க வேண்டும். செல்பேசியில் படம் எடுத்துக்கொள்வது எளிய வழி. மாற்றி வைத்தால் எண்ணெய் வடிகட்டப்படாமலோ, மேலே செல்லாமலோ போகும். ரப்பர் வளையத்தில் புது எண்ணெய் தடவிப் பொருத்தினால் கிழியாது.

ஊற்றுதலும் அளவு பார்த்தலும்

நூறு கன செ.மீ. வண்டிகளுக்கென 900 மி.லி. கேன்கள் விற்கப்படுகின்றன. வடித்து மட்டும் மாற்றும்போது கொள்ளும் அளவும், எஞ்சினை முழுதும் பிரித்து மாட்டும்போது கொள்ளும் அளவும் வேறுவேறு; கையேட்டில் இரண்டும் தரப்பட்டிருக்கும். கேனை முழுதும் கவிழ்க்காமல் சிறிது நிறுத்தி, அளவு பார்த்துப் பின் மிச்சத்தை ஊற்ற வேண்டும்.

மூடியை இட்டு, எஞ்சினை முறுக்காமல் இரண்டு நிமிடம் மெல்ல ஓடவிட்டு நிறுத்தி, சில நிமிடம் கழித்து அளவுக் கோலைத் துடைத்து விட்டுப் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் கோலைத் திருகாமல் வெறுமனே வைத்துப் பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் எண்ணெய் கூடுதலாகத் தெரியும், ஆனால் உள்ளே குறைந்திருக்கும். மேல்கோட்டிற்கும் கீழ்கோட்டிற்கும் இடையே, மேல்கோட்டை ஒட்டி இருப்பது சரியான அளவு. கண்ணாடிச் சாளரம் உள்ள வண்டிகளில் வண்டியை நிமிர்த்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். மலைக்குப் போகிறோமே என்று கூடுதலாக ஊற்றுவதில் பயனில்லை. மிகுந்த எண்ணெயைக் கிராங்க் கடைந்து நுரையாக்கும். நுரையில் காற்றே மிகுதி என்பதால் உயவு குறையும், சீல்களின் வழியே கசிவும் ஏற்படும். மறுநாள் காலை வண்டி நின்ற இடத்தில் சொட்டு விழுந்துள்ளதா என்று பார்த்தால் வேலை முடிந்தது.

பழைய எண்ணெய்

இதுவே வீட்டில் செய்வோர் பெரிதும் தவறும் பகுதி. வடித்த எண்ணெயில் கரி, உலோகத்துகள், எரிதலில் உண்டாகும் பல்வளைய நறுமணச் சேர்மங்கள் ஆகியவை கலந்துள்ளன. இச்சேர்மங்களில் சில புற்றுநோய் விளைவிப்பவை. ஒருமுறை கையில் பட்டதால் தீங்கில்லை. நாள்தோறும் தோலில் படுவதே கேடு. கையுறையோ, குறைந்தது ஒரு பாலித்தீன் பையோ அணிவதும், பின் சோப்பால் கழுவுவதும் போதுமானவை. எண்ணெய்க் கறையைப் பெட்ரோலால் கழுவுவது தோலுக்கு இன்னும் கெடுதல்.

ஒரு வண்டியின் எண்ணெய் ஒரு லிட்டர்தான். ஆனால் அது சாக்கடையில் விழுந்தால் எங்கே போகிறது என்பதைக் கம்பம் பள்ளத்தாக்கில் எளிதாகப் பின்தொடரலாம். ஊர்ச் சாக்கடை வாய்க்காலில் சேர்கிறது. வாய்க்கால் முல்லைப் பெரியாற்றில் சேர்கிறது. 1895 இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர் இவ்வழியே வந்து, பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்வயல்களுக்குப் பாய்கிறது. பின்னர் வைகையுடன் கலந்து, 1959 இல் திறக்கப்பட்ட வைகை அணையில் தேங்கி, மதுரை நகரின் குடிநீராகிறது. நீரின் மேல் படரும் எண்ணெய்ப் படலம் காற்று கரைவதைத் தடுக்கும். மண்ணில் ஊற்றினால் ஆண்டுக்கணக்கில் தங்கிக் கிணற்று நீரையும் தொடும்.

கரையான் வராமலிருக்க மரத்தூணில் பூசுதல், வண்டிச் சக்கர அச்சுக்கு விடுதல், சென்ட்ரிங் பலகையில் தடவுதல், மாட்டின் சொறிக்குத் தடவுதல் எனப் பழைய எண்ணெய்க்குப் பல பயன்பாடுகள் வழக்கில் உள்ளன. இவற்றுள் கடைசியானது அறவே கூடாதது. மாடு தன் உடம்பை நக்கும். நஞ்சு வயிற்றுக்குச் செல்லும். 2000 ஆம் ஆண்டில் நாடு முழுவதும் ஈயமற்ற பெட்ரோல் வந்ததால் எண்ணெயில் ஈயம் குறைந்துள்ளது உண்மையே எனினும், மற்ற உலோகங்கள் இருக்கவே செய்கின்றன. சொறிக்குக் கால்நடை மருந்தகத்தில் மருந்து உண்டு. வாய்க்கால் ஓரத் தூண்களில் பூசுவதும் தவிர்க்கத்தக்கது.

இந்தியச் சட்டப்படி, 2016 ஆம் ஆண்டின் தீங்குதரு கழிவு விதிகளில் பயன்படுத்திய எண்ணெய் தீங்குதரு கழிவாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. 2023 இல் அவ்விதிகளில் செய்யப்பட்ட திருத்தம், எண்ணெய் தயாரிப்போரும் இறக்குமதி செய்வோரும் பழைய எண்ணெயின் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்கிறது; இது 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. பழைய எண்ணெயை வடித்துத் தூய்மை செய்து மீண்டும் அடிப்படை எண்ணெயாக்க முடியும் என்பதால் அதற்கு விலையும் உண்டு. பட்டறைகள் பீப்பாயில் சேர்த்து விற்பது இதனாலேயே. வீட்டில் மாற்றுவோர், புது எண்ணெய் வந்த கேனிலேயே பழையதை ஊற்றி இறுக மூடி, தண்ணீரோ பெட்ரோலோ கலக்காமல், அருகிலுள்ள பட்டறையின் பீப்பாயில் சேர்த்துவிடலாம். கேனைக் கிழிப்பது அதன் பிறகு.